ஆற்றுக்கு மேலே யாருடைய வானம்?

ஒரே ஒரு ஜெர்மன் சொல்லை நான் தவறாகப் புரிந்துகொண்டேன். அதனால் ஒரு படத்தின் தொடக்கக் காட்சி போயிற்று. என் பையிலிருந்து 600 யூரோ போயிற்று. இருபது வருடமாக மொழிபெயர்ப்பாளன் என்று சொல்லிக்கொண்டு திரிந்த கர்வத்திலும் கணிசமான பகுதி போயிற்று. கடைசியாகச் சொன்ன நஷ்டம் நல்லதற்குத்தான் என்று இப்போது தோன்றுகிறது.

நடந்தது 2025 வசந்த காலத்தில். டெல்லியில் எனக்குப் பல வருடங்களாகத் தெரிந்த ஆவணப்பட இயக்குநர் ஒருவர், வங்காளிப் பெண்மணி, எல்லைகளைப் பற்றி ஒரு படம் எடுத்துக்கொண்டிருந்தார். வாகாவில் எடுத்தாயிற்று. பெட்ராபோலில் எடுத்தாயிற்று. இனி கண்ணுக்குத் தெரியாத ஓர் எல்லையைக் காட்ட வேண்டும் என்றார். ஷெங்கனுக்குப் போவதென்று முடிவாயிற்று.

ஷெங்கன் என்றால் நம்மில் பலருக்கு விசாதான் நினைவுக்கு வரும். வங்கிக் கணக்கு நகல், ஹோட்டல் ரசீது, சம்பளச் சான்றிதழ், கைரேகை. ஆனால் அது ஓர் ஊர். லக்ஸம்பர்க்கின் தென்கிழக்கு மூலையில், மோசல் ஆற்றங்கரையில், சில நூறு பேர் வாழும் சின்ன ஊர். பின்னால் குன்று நிறையத் திராட்சைத் தோட்டம். ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் பெர்ல், ஜெர்மனி. அதே கரையில் தெற்கே கொஞ்ச தூரம் நடந்தால் வரும் அபாக், பிரான்ஸ். 1985 ஜூன் 14 அன்று பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்ஸம்பர்க் ஆகிய ஐந்து நாடுகளின் பிரதிநிதிகள் இங்கே ஆற்றில் நின்ற ‘இளவரசி மாரி ஆஸ்ட்ரிட்’ என்ற கப்பலில் அமர்ந்து, தங்களுக்கு இடையேயான எல்லைச் சோதனைகளைப் படிப்படியாக நீக்கிக்கொள்வதாகக் கையெழுத்திட்டார்கள். ஊர் உலகப் புகழ் பெற்றது.

இயக்குநர் கேட்ட காட்சி இதுதான்: லக்ஸம்பர்க் திராட்சைத் தோட்டத்தில் ஒரு டிரோன் எழும்புகிறது. ஆற்றைத் தாண்டுகிறது. பெர்ல் ஊரின் ஓட்டுக் கூரைகளுக்குப் பக்கமாகத் திரும்பி, அபாக் அருகே ஒரு வயலில் இறங்குகிறது. வெட்டே கிடையாது. மூன்று நாடுகளும் ஒரே மூச்சில் வர வேண்டும். கோடு எங்கே என்று பார்ப்பவர் தேடட்டும், நாம் ஒரு வார்த்தை பேச வேண்டாம் என்றார்.

காகித வேலை முழுவதும் என் பொறுப்பு. தமிழில் எம்.ஏ. படித்தவன் என்றாலும் டெல்லி மாக்ஸ்முல்லர் பவனில் இரண்டு வருடம் ஜெர்மன் படித்திருக்கிறேன். சான்றிதழ் இருக்கிறது. இந்தச் சான்றிதழை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஐரோப்பாவில் டிரோன் விதிகள் ஒரு காலத்தில் நாட்டுக்கு நாடு வேறாக இருந்தன. 2019-ல் ஐரோப்பிய யூனியன் எல்லா உறுப்பு நாடுகளுக்கும் பொதுவாக 2019/947 என்ற விதித்தொகுப்பைக் கொண்டுவந்தது. 2020 டிசம்பர் 31 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. யூனியனில் சேராத ஸ்விட்சர்லாந்துகூட 2023 ஜனவரி 1 முதல் அதையே பின்பற்றுகிறது.

சாதாரணமாகப் பறக்கவிடுபவருக்கு விதி எளிது. டிரோன் 25 கிலோவுக்குக் குறைவாக இருக்க வேண்டும். தரையிலிருந்து 120 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. எப்போதும் உங்கள் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கூட்டத்தின் தலைக்கு மேல் கூடாது. இதற்குள் நின்றால் முன் அனுமதி வேண்டியதில்லை. ஒரு நாட்டில் பெயரைப் பதிவு செய்துகொண்டு, கிடைக்கிற எண்ணை டிரோனில் ஒட்டிக்கொண்டால் போதும். 250 கிராமுக்குக் குறைந்த சின்னஞ்சிறு டிரோனானாலும் காமிரா இருந்தால் உரிமையாளர் பதிவு வேண்டும். பொம்மைக்கு மட்டும் விலக்கு. எடை கூடினால் இணையத்தில் 40 கேள்விகள் கொண்ட ஒரு தேர்வு எழுத வேண்டும்; 75 சதவிகிதம் வாங்கினால் தேறலாம். ஒரு நாட்டில் தேறினால் மற்ற நாடுகளிலும் செல்லும். இந்தியாவிலிருந்து போகிறவர், முதலில் எந்த நாட்டில் பறக்கவிட உத்தேசமோ அந்த நாட்டில் பதிந்துகொள்ள வேண்டும்.

ஆனால் பறக்கக் கூடாத இடங்கள் எவை என்பதை அந்தந்த நாடே தீர்மானிக்கிறது. ஜெர்மனியில் ரயில் பாதை, நெடுஞ்சாலை, பெரிய நீர்வழிகள் ஆகியவற்றின் அருகே தனிக் கட்டுப்பாடுகள் உண்டு. எவ்வளவு சிறிய டிரோனுக்கும் அங்கே காப்பீடு கட்டாயம். பிரான்ஸில் அணுமின் நிலையங்களை நெருங்கவே முடியாது. ஷெங்கன் குன்றின் மேல் ஏறி நின்றால் தெளிவான நாளில் கத்தெனோம் அணுமின் நிலையத்தின் குளிர்விப்புக் கோபுரங்கள் நான்கும் புகைவது தெரியும்.

எங்கள் காட்சியோ எளிய வகைக்குள் அடங்கவில்லை. தோட்டத்தில் நின்று இயக்குபவரின் கண்ணுக்கு எட்டாத தூரம் போய் இறங்க வேண்டும். அது அடுத்த வகை. அதற்கு ஆபத்துகளைக் கணக்கிட்டு எழுதி, தான் பதிவு செய்துகொண்ட நாட்டின் விமானத் துறையிடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். அப்படி அனுமதி பெற்ற பிரெஞ்சுக்காரர் ஒருவரை லொரேன் பகுதியில் தேடிப் பிடித்தோம். ஐம்பதைத் தாண்டியவர். அதிகம் பேசமாட்டார். ஆனால் அவருடைய அனுமதி பிரான்ஸுக்கு. எல்லை தாண்டுவதற்கு?

இதற்கு விதித்தொகுப்பில் 13-ம் பிரிவு இருக்கிறது. முதல் நாடு கொடுத்த அனுமதியின் நகலையும் பறக்கப்போகிற இடத்தின் விவரத்தையும் இரண்டாவது நாட்டுக்கு அனுப்ப வேண்டும். இரண்டாவது நாடு எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து ஆராய்வதில்லை. இயந்திரம் சரியா, ஓட்டுபவர் தகுதியானவரா என்பதெல்லாம் முதல் நாடு பார்த்தாயிற்று. இவர்கள் கேட்பது உள்ளூர்ச் சங்கதி மட்டும்: இங்கே வான்வழி எப்படி, நிலம் எப்படி, ஜனநெருக்கம் எப்படி, காற்றும் மழையும் எப்படி, அதற்குத் தகுந்தாற்போல் என்ன முன்னேற்பாடு செய்திருக்கிறீர்கள்? திருப்தியானால் உறுதி செய்து எழுதுவார்கள். அந்த உறுதிக் கடிதம் கையில் வந்த பிறகுதான் பறக்கலாம்.

இதைப் படித்ததும் எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. என் தொழிலும் இதுதானே? மூல நூலை எழுதியாயிற்று, அங்கீகாரம் பெற்றாயிற்று. மொழிபெயர்ப்பவன் அதைத் திருத்தி எழுத வேண்டியதில்லை. புதிய மண்ணில் அது இடறாமல் நடக்கிறதா என்று பார்த்தால் போதும். விண்ணப்பங்களை நானே உட்கார்ந்து தயாரித்தேன். விண்ணப்பதாரர் பிரெஞ்சுக்காரர், கடிதப் போக்குவரத்து நான். அவருக்கு ஜெர்மன் தெரியாது.

லக்ஸம்பர்க்கிலிருந்து பிரெஞ்சு மொழியில் ஒரு கேள்வி வந்தது. பதில் எழுதினோம். உறுதிக் கடிதம் வந்துவிட்டது. ஜெர்மன் பக்கத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. தலைப்பில் ஒரே சொல், ஜெர்மன்காரர்களுக்கே உரிய நீளத்தில்: ‘ஐங்காங்ஸ்பெஷ்டேட்டிகுங்’. கீழே இரண்டு வரி. ஒரு நீளமான எண்.

‘பெஷ்டேட்டிகுங்’ என்றால் உறுதிப்படுத்துதல். 13-ம் பிரிவு கேட்பதும் உறுதிப்படுத்துதல்தான். ‘ஐங்காங்’ என்றால் நுழைவு. ஜெர்மனியில் கடை வாசல், மியூசிய வாசல் எங்கும் எழுதியிருப்பார்கள். நுழைவு உறுதி! இதைவிடத் தெளிவாக ஒரு சர்க்கார் அலுவலகம் எழுத முடியுமா? எண்ணை அனுமதி எண் என்று எடுத்துக்கொண்டேன். ‘ஜெர்மனியும் சரி சொல்லிவிட்டது’ என்று இயக்குநருக்குச் செய்தி அனுப்பினேன். பிரெஞ்சுக்காரருக்கும் அனுப்பினேன். விமான டிக்கெட் வாங்கப்பட்டது.

கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்திருந்தால் ஒரே நொடியில் குட்டு வெளிப்பட்டிருக்கும். சான்றிதழ் வைத்திருப்பவன் அதையெல்லாம் செய்வானா?

ஷெங்கனில் முதல் இரண்டு நாள் தரையில் எடுத்தோம். நாற்பதாம் ஆண்டு விழாவுக்கு ஊர் தயாராகிக்கொண்டிருந்தது. ஆனால் மேலே நெடுஞ்சாலையில் ஜெர்மன் போலீசார் வண்டிகளை ஓரம் கட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 2024 செப்டம்பர் 16 முதல் ஜெர்மனி தன் தரை எல்லைகள் எல்லாவற்றிலும் தற்காலிகச் சோதனையைத் திரும்பக் கொண்டுவந்திருந்தது. ஷெங்கன் வாசலிலேயே சோதனை. இயக்குநர் அதையும் எடுத்துக்கொண்டார்.

ஆற்றங்கரையில் எங்கள் ஒளிப்பதிவாளன் ஒரு கேள்வி கேட்டான். கும்பகோணத்துப் பையன், டெல்லியில் வேலை. “சார், கோடு ஆத்து நடுவுலதான போகும்? பாதி ஆறு வரைக்கும் லக்ஸம்பர்க்தான?”

இல்லை. எல்லைகளைப் பற்றி நான் படித்தவற்றிலேயே விநோதமானது இதுதான். வியன்னா மாநாட்டுக்குப் பிறகு, 1816-ல் செய்துகொண்ட ஏற்பாட்டின்படி, இந்த இடத்தில் மோசல் ஆறு முழுவதும் இரண்டு கரைக்காரர்களுக்கும் கூட்டுச் சொத்து. நடுவில் கோடு கிடையாது. பிற்பாடு எத்தனையோ யுத்தம் வந்தும் அந்த ஏற்பாடு மறையவில்லை. தண்ணீரில் நிற்கிற படகு ஒரே நேரத்தில் இரண்டு நாட்டிலும் நிற்கிறது. டிரோன் லக்ஸம்பர்க் கரையை விட்டு நகர்ந்ததுமே ஜெர்மனியின் சம்மதமும் தேவைப்பட்டுவிடும்.

அவனுக்கு அது அநியாயமாகப் பட்டது. மனிதர்கள் நடந்து போகலாம், பறவை பறக்கலாம், ஒரு பொம்மைக்கு இவ்வளவா என்றான். வானத்துக்கு எப்போதுமே காகிதம் கேட்டிருக்கிறார்கள் என்று சொன்னேன். மனிதன் பலூனில் ஏறிய மறு வருடமே, 1784-ல், அனுமதியில்லாமல் பலூன் விடக் கூடாது என்று பாரிஸ் போலீஸ் உத்தரவு போட்டது. 1913 ஏப்ரல் 3 அன்று ஒரு ஜெர்மன் ராணுவ ஸெப்பெலின் மேகத்தில் வழி தவறி, இதே லொரேனில், இங்கிருந்து தெற்கே சுமார் 100 கிலோமீட்டர் தொலைவில் உள்ள லூனெவிலில் இறங்கியது. பிரெஞ்சுக்காரர்கள் அதைக் கயிறு கட்டி வைத்து அங்குலம் அங்குலமாகப் பார்த்துவிட்டு அனுப்பினார்கள். அந்த ஜூலையில் இரு நாடுகளும் எல்லை தாண்டும் வான் கப்பல்களைப் பற்றி ஓர் உடன்பாடு செய்துகொண்டன. மறு வருடம் யுத்தம் வந்துவிட்டது. 1944-ல் சிகாகோவில் கையெழுத்தான சர்வதேச விமான ஒப்பந்தத்தின் 8-ம் பிரிவு, ஓட்டுபவர் இல்லாத விமானம் எதுவும் மற்றொரு நாட்டின் மேல் அந்த நாட்டின் விசேஷ அனுமதியில்லாமல் பறக்கக் கூடாது என்கிறது. எண்பது வருடம் கழித்தும் எங்கள் டிரோன் அதற்குக் கட்டுப்பட்டதுதான்.

இவ்வளவு சரித்திரமும் சொல்லிவிட்டு, பெர்ல் ஊரில் நாங்கள் தங்கியிருந்த வீட்டுக்குத் திரும்பினேன். மறுநாள் காலை பறப்பதாக ஏற்பாடு. வீட்டுக்காரம்மாவுக்கு எழுபது வயதிருக்கும். காகிதமெல்லாம் வாங்கிவிட்டீர்களா என்று விசாரித்தார். பெருமையோடு போனைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். அப்புறம் ஏன் என்னை அப்படிப் பார்க்கிறார் என்று புரியவில்லை.

“இது உங்கள் விண்ணப்பம் வந்து சேர்ந்தது என்பதற்கு அத்தாட்சி” என்றார். “பதில் இன்னும் வரவில்லையே?”

அலுவலக ஜெர்மனில் ‘ஐங்காங்’ என்றால் தபால் வரவு. உள்ளே நுழைந்தது நாங்கள் அல்ல, எங்கள் கடிதம். நம் ஊர் அலுவலகங்களில் கடிதத்தின் மேல் தேதியோடு ஒரு முத்திரை குத்துவார்கள், அது. நான் அனுமதி எண் என்று நினைத்தது கோப்பு எண். தமிழில் ‘வரவு’ என்ற சொல்லும் இப்படித்தானே? விருந்தாளி வருவதும் வரவு, கணக்கில் ஏறுவதும் வரவு. இதை வகுப்பில் நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். வயிற்றைப் புரட்டிக்கொண்டு வந்தது.

யாரிடமும் சொல்லாமல் இருந்துவிடலாம் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். பொய் சொல்லவில்லை, உண்மையிலேயே நினைத்தேன். காலை ஆறு மணிக்கு யார் பார்க்கப் போகிறார்கள்? ஐந்து நிமிஷ வேலை. ஏதாவது ஆனால் பிரெஞ்சுக்காரர் என் வார்த்தையை நம்பிப் பறந்தார் என்று ஆகும். அதை நினைத்ததும்தான் எழுந்து போய் இயக்குநரின் கதவைத் தட்டினேன்.

அவர் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கத்தவில்லை. “எத்தனை நாளாக இது உன்னிடம் இருக்கிறது?” என்று மட்டும் கேட்டார். ஐந்து வாரம் என்றேன். ஐந்து வாரத்தில் ஒரு நினைவூட்டுக் கடிதம் எழுதியிருக்கலாம். கேள்வி ஏதாவது உண்டா என்று கேட்டிருக்கலாம். கிடைத்துவிட்டது என்று நினைத்தவன் எதற்குக் கேட்பான்?

பையன் விடவில்லை. “சார், அவங்க வேண்டாம்னு சொல்லலையே. மௌனம் சம்மதம்னு எடுத்துக்கலாமே.” கல்யாணப் பேச்சில் செல்லுபடியாகிற நியாயம். பிரெஞ்சுக்காரருக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, அந்தக் காகிதம் இல்லாமல் தன் டிரோன் பெட்டியைவிட்டு வெளியே வராது என்றார். ஒரு காட்சிக்காகத் தன் அனுமதியை இழந்தால் அப்புறம் சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்றும் கேட்டார். அவருடைய அன்றைய கூலி 600 யூரோவை என் சம்பளத்திலிருந்து கழித்துக்கொள்ளும்படி இயக்குநரிடம் நானே சொன்னேன். அவர் மறுக்கவில்லை.

காலையில் இயக்குநர் காமிராவைத் தோளில் வைத்துக்கொள்ளச் சொன்னார். ஷெங்கன் தோட்டத்திலிருந்து இறங்கினோம். பாலத்தின் வழியாக ஆற்றைக் கடந்தோம். பெர்ல் வீடுகளைத் தாண்டி அபாக் வரை நடந்தே போனோம். மூன்று நாடுகள், அரை மணிக்கும் சற்று அதிகம். வழியில் தண்டவாளம் ஒன்று குறுக்கிட்டது. ஒரு ரயில் போகட்டும் என்று நின்றோம். யாரும் எங்களிடம் எதுவும் கேட்கவில்லை. விசா ஒட்டிய பாஸ்போர்ட் என் சட்டைப் பையில் இருந்தது. அதை வாங்க டெல்லியில் எத்தனை காகிதம் கொடுத்தேன் என்று நினைத்துக்கொண்டு நடந்தேன்.

டெல்லிக்குத் திரும்பிய பதினோராம் நாள் ஜெர்மன் பதில் வந்தது. இந்த முறை வீட்டுக்காரம்மாவுக்கும் அனுப்பி அர்த்தம் கேட்டுக்கொண்டேன். மறுப்பு இல்லை. மூன்று திருத்தம் கேட்டிருந்தார்கள். காப்பீட்டுச் சான்றின் ஜெர்மன் வடிவம் வேண்டும். எந்த மணி நேரத்தில் பறக்கப் போகிறீர்கள் என்று குறிப்பிட வேண்டும். மூன்றாவதாக, நீங்கள் வரைந்திருக்கிற பாதை பெர்லுக்கும் அபாக்குக்கும் நடுவே ரயில் பாதையைத் தாழ்வாகக் கடக்கிறது, அதை மாற்றுங்கள்.

நாங்கள் நின்று வழிவிட்டோமே, அதே தண்டவாளம். டெல்லியில் உட்கார்ந்து வரைபடத்தில் கோடு இழுத்தபோது அது என் கண்ணில் படவில்லை. பிரெஞ்சுக்காரரும் கவனிக்கவில்லை. எங்கோ ஓர் அலுவலகத்தில், பெயர் தெரியாத ஒருவர் எங்கள் கோட்டைத் தொடர்ந்து விரலை நகர்த்தி, இங்கே ரயில் போகுமே என்று நிறுத்தியிருக்கிறார். விதி பொதுவானது. ரயில் எங்கே ஓடும் என்பது உள்ளூர்க்காரருக்குத்தான் தெரியும். 13-ம் பிரிவு ஒரு தடை என்று பையனிடம் நானும் சேர்ந்து அலுத்துக்கொண்டவன்தான். அது உள்ளூர்க்காரரை ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போவதற்கான ஏற்பாடு என்பது எனக்கு அந்தக் கடிதத்தில்தான் உறைத்தது.

அந்த வருடம் செப்டம்பரில் ரஷ்ய டிரோன்கள் போலந்துக்குள் புகுந்தன. அதே மாதம் யாருடையவை என்று தெரியாத டிரோன்களால் கோபன்ஹேகன் விமான நிலையம் சில மணி நேரம் ஸ்தம்பித்தது. செய்திகளை மொழிபெயர்த்து அனுப்பியவன் நான்தான். காகிதமில்லாமல் எல்லை தாண்டும் ஒரு டிரோனைக் கீழேயிருந்து பார்ப்பவருக்கு, அது ஆவணப்படக்காரருடையதா மற்றவருடையதா என்று எப்படித் தெரியும்?

படம் முடிந்துவிட்டது. நடந்து எடுத்த காட்சிதான் தொடக்கம். கொஞ்சம் ஆடுகிறது. ரயிலுக்காக நிற்கிற இடத்தை இயக்குநர் வெட்டவில்லை. என்னிடம் பழையபடி பேசுகிறார், அடுத்த படத்துக்கும் கூப்பிட்டிருக்கிறார். பையன்தான் இன்னும் விடுவதாயில்லை. ஏதாவது ஒரு வேலைக்கு அனுமதி கிடைத்துவிட்டது என்று நான் வாயைத் திறந்தால் போதும், உடனே கேட்கிறான்:

“சார், சரின்னு சொன்னாங்களா, வந்து சேர்ந்துதுன்னு சொன்னாங்களா?”